நிரூபித்தவருக்கு எதற்கு வரம்பு?

1996 ஆகஸ்ட் 30 அன்று சென்னை எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை 29 வாரத்திலேயே பிறந்தது. எடை 1,250 கிராம். இப்படிக் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடக்கூடும். அதைக் கண்டுபிடிக்கும் வழி எளியது. சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாவையை விரியச் செய்து, தலையில் விளக்கு மாட்டிய கண் டாக்டர் கையில் ஒரு லென்ஸைப் பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். சில நிமிட வேலை. பிறந்த சில வாரங்களுக்குள் பார்த்துவிட்டால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். எழும்பூரில் அந்தச் சோதனையை யாரும் செய்யவில்லை; செய்ய வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. குழந்தைக்குப் பார்வை போனது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2009-ல் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சமாக உயர்த்தியது.

இப்படிப்பட்ட தொகைகள் செய்தித்தாளில் வரும்போதெல்லாம் மருத்துவர்கள் தரப்பிலிருந்து ஒரு கோரிக்கை எழுகிறது. மருத்துவ அலட்சிய வழக்குகளில் தரும் இழப்பீட்டுக்குச் சட்டம் ஓர் உச்சவரம்பு விதிக்க வேண்டும் என்பதே அது. இந்திய மருத்துவச் சங்கம் 2015 நவம்பரிலும் 2017 ஜூனிலும் நாடு தழுவிய போராட்டங்கள் நடத்தியபோது முன்வைத்த கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. இதை டாக்டர்களின் சுயநலம் என்று ஒதுக்கிவிட முடியாது. புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி போன்ற ஊர்களில் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து பத்துப் பதினைந்து படுக்கைகளோடு மருத்துவமனை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நள்ளிரவில் வரும் பிரசவத்தை ஏற்பதா, புதுக்கோட்டைக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்புவதா என்று அவர்கள் ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே தீர்ப்பில் வீடு வாசல் எல்லாம் போய்விடும் என்ற அச்சம் மனதில் இருந்தால், அவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பது தெரிந்ததே. அந்த அச்சம் உண்மையானது. அதற்கு உச்சவரம்புதான் மருந்தா என்பதை மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் எழும்பூர் வழக்கின் தொகை எப்படி வந்தது என்று பார்க்கலாம். அதில் 42.87 லட்சம், பெற்றோர் அதுவரை சிகிச்சைக்குச் செலவழித்த பணம். மீதி 1.38 கோடி, இனி ஆகப்போகும் செலவு. அந்தப் பெண் இன்னும் 51 ஆண்டுகள் வாழ்வாள் என்று வைத்து, விலைவாசி ஆண்டுக்கு 1 சதவீதம் மட்டுமே ஏறும் என்று கணக்கிட்டார்கள். நம் நாட்டில் விலைவாசி எந்த வேகத்தில் ஏறுகிறது என்பதை அறிந்தவர்கள் இதைத் தாராளக் கணக்கு என்று சொல்ல மாட்டார்கள். பணத்தை மொத்தமாகக் கையில் தரவும் இல்லை. அந்தப் பெண்ணின் பெயரில் வைப்புத்தொகையாகப் போடச் சொன்னார்கள். அதிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் வட்டி வரும் என்பது கணக்கு. யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதும் கவனிக்கத்தக்கது. 1.38 கோடியில் 1.30 கோடி தமிழக அரசும் மருத்துவமனை நிர்வாகமும் தர வேண்டியது. இரண்டு மருத்துவர்கள் சேர்ந்து தர வேண்டியது 8 லட்சம். இந்தியாவிலேயே பெரிய தொகை என்று பேசப்பட்ட கொல்கத்தா வழக்கிலும் இதே நிலைதான். 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 5.96 கோடி விதித்தபோது இரண்டு டாக்டர்கள் தலா 10 லட்சமும் ஒருவர் 5 லட்சமும் தர வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் அந்தத் தனியார் மருத்துவமனையின் பொறுப்பு. ஆக, ‘கோடிக்கணக்கில்’ என்று தலைப்பில் படிக்கும் தொகை தனி டாக்டரின் தலையில் அப்படியே விழுவதில்லை. நீதிபதிகள் பொறுப்பைப் பங்கிட்டே சுமத்துகிறார்கள்.

இழப்பீட்டுத் தொகையைச் சட்டமே முன்கூட்டி நிர்ணயிப்பது நமக்குப் புதிதல்ல. ரயிலில் இருந்து தவறி விழுந்து ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 8 லட்சம் ரூபாய். ரயில்வேயின் மேல் தவறு இருந்ததா என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சைக்குப் பிறகு கருத்தரித்துவிட்டால் அரசுத் திட்டம் ஒரு நிலையான தொகையைத் தருகிறது. முதலில் 30,000 ரூபாயாக இருந்தது பின்பு 60,000 ஆனது. அதிலும் டாக்டரின் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டிய கட்டாயமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் இதைவிடத் தெளிவாகவே இரண்டு கதவுகளை வைத்திருக்கிறது. 164-வது பிரிவின்கீழ் போனால், யார் மேல் தவறு என்ற பேச்சே இல்லாமல் மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் கிடைக்கும். அதற்கு மேல் கேட்க முடியாது. 166-வது பிரிவின்கீழ் போனால் ஓட்டுநரின் தவறை நிரூபிக்க வேண்டும். நிரூபித்துவிட்டால் தொகைக்கு வரம்பில்லை. விபத்துக்குள்ளானவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

இந்த ஏற்பாடுகளில் ஒரு நியாயம் இருக்கிறது. தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பவருக்குப் பதிலாக நிச்சயமும் விரைவும் கிடைக்கின்றன. நியூசிலாந்து இதையே நாடு முழுவதற்கும் செய்தது. அங்கு 1974 முதல் விபத்து இழப்பீட்டுக்கென ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. சிகிச்சையால் காயப்பட்டவர் அங்கே விண்ணப்பிக்கிறார், மருத்துவச் செலவும் இழந்த வருமானத்தின் பெரும்பகுதியும் கிடைக்கின்றன. அதற்கு ஈடாக டாக்டர் மேல் இழப்பீட்டு வழக்குப் போடும் உரிமையை மக்கள் விட்டுக்கொடுத்தார்கள். நம் நாட்டில் கேட்கப்படும் உச்சவரம்பில் இந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லை. அலட்சியத்தை நிரூபிக்கும் பாரம் முழுவதும் நோயாளியின் மேலேயே இருக்கும். ஜெயித்த பிறகு தொகை மட்டும் வெட்டப்படும். என் வாதத்தின் அடித்தளம் இதுதான். தவறை நிரூபிக்கத் தேவையில்லாத இடத்தில் தொகைக்கு வரம்பு நியாயம். நிரூபித்துக் காட்டியவருக்கு வரம்பு விதிப்பது அநியாயம்.

நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். சிகிச்சை பலிக்கவில்லை என்பதாலேயே அலட்சியம் ஆகிவிடாது. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் அளவுகோலைத் தெளிவாக வகுத்தது: அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் அந்தச் சூழலில் செய்திருக்கக்கூடியதைச் செய்திருந்தால் போதும், ஏற்கப்பட்ட இரண்டு சிகிச்சை முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது பிறகு தவறாகப் போனாலும் அது அலட்சியம் அல்ல. இதைத் தாண்டி ஜெயிக்க வேண்டுமானால் கேஸ் ஷீட், ஸ்கேன், நர்ஸ் எழுதிய குறிப்புகள் எல்லாம் வேண்டும். அவை இருப்பதோ எதிர்த்தரப்பின் அலமாரியில். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான நடத்தை விதி சொல்கிறது. ஆனால் அப்படி ஒரு விதி இருப்பதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு டாக்டருக்கு எதிராக இன்னொரு டாக்டரைச் சாட்சி சொல்ல வைப்பது அடுத்த மலை. வழக்கை இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். இத்தனையையும் கடந்து வருகிறவர்கள் மிகச் சிலரே. அவர்களைத்தான் உச்சவரம்பு குறிவைக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகம் உண்டு. 1995-ல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது, எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளை விலக்கி வைத்தது. பெயரளவுக்கு வாங்கும் பதிவுக் கட்டணம் கணக்கில் வராது. எனவே தஞ்சாவூரிலோ திருச்சியிலோ உள்ள தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிப் படுத்தவர் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடும் வசதியை 2019 சட்டம் தந்திருக்கிறது. சிகிச்சைக்குக் கட்டிய பணம் 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. ஆனால் 2017-ல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காசில்லாமல் சிகிச்சை பெற்ற கூலித் தொழிலாளிக்கு அந்தக் கதவு பொதுவாக மூடியிருக்கிறது. அவர் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும், அல்லது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனுப் போட வேண்டும். சாத்தூரில் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட வழக்கில் 2019-ல் மதுரைக் கிளைதான் 25 லட்சம் தர உத்தரவிட்டது. அது நாடே பேசிய வழக்கு. பேசப்படாத வழக்குகளில் உடலை வாங்க மறுத்து மறியல், தாசில்தாரும் டி.எஸ்.பி.யும் நடத்தும் பேச்சுவார்த்தை, நிவாரண நிதியிலிருந்து ஒரு தொகை, அத்தோடு முடிந்துவிடுகிறது. ஏழைகளைப் பொறுத்தவரை உச்சவரம்பு எழுதப்படாமலே நடப்பில் இருக்கிறது.

எழுதப்பட்ட உச்சவரம்பு யாரைத் தாக்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். புதுக்கோட்டை–தஞ்சாவூர் சாலையில் ஆதனக்கோட்டையைக் கடப்பவர்கள் முந்திரி வறுத்து உடைத்து விற்கும் பெண்களைப் பார்த்திருப்பார்கள். ஓட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களால் பருப்பு உடையாமல் ஓட்டை மட்டும் தட்டி எடுக்கும் வேலை. அப்படி ஒரு பெண்ணுக்கு வயது 32, மாத வருமானம் 9,000 என்று வைத்துக்கொள்வோம். தவறான சிகிச்சையால் இரண்டு கைகளும் பயனற்றுப் போனால், விபத்து வழக்குகளில் பழகிய கணக்குப்படி ஆண்டு வருமானத்தை 16-ஆல் பெருக்க வேண்டும்: 17.28 லட்சம். அதே வயதில் மாதம் 1 லட்சம் வாங்கும் பொறியாளருக்கு அதே கணக்கில் 1.92 கோடி. வலி, வேதனை, குழந்தையைத் தூக்க முடியாமல் போன துயரம் ஆகியவை இருவருக்கும் ஒன்றுதான். அவற்றுக்காகத் தரும் தொகையில்தான் அந்தப் பெண் பொறியாளருக்குச் சமமாக நிற்கிறாள். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றைப் போல வலி வேதனைக்கு மட்டும் வரம்பு விதித்தால், இல்லத்தரசிகள், முதியோர், குழந்தைகள், கூலிகள் ஆகியோரின் பங்குதான் பெரிதாகக் குறையும். மொத்தத் தொகைக்கே வரம்பு விதித்தாலோ, ஆயுள் முழுவதும் பராமரிப்புத் தேவைப்படும் எழும்பூர்க் குழந்தை போன்றவர்கள்தான் முதலில் அடிபடுவார்கள். எந்த வகை வரம்பானாலும் அதிகம் இழந்தவரிடமிருந்தே அதிகம் பிடுங்குகிறது.

சட்டத்தில் எழுதிய எண் விலைவாசியோடு சேர்ந்து நகர்வதும் இல்லை. கலிபோர்னியா மாநிலம் 1975-ல் வலி வேதனைக்கு 2.5 லட்சம் டாலர் என்று வரம்பு வைத்தது. 2022 வரை அதில் ஒரு டாலர்கூடக் கூடவில்லை. அந்த 47 ஆண்டுகளில் அதே மதிப்பைக் காக்கப் பத்து லட்சம் டாலருக்கு மேல் தேவைப்பட்டிருக்கும். 2023 முதல்தான் காயத்துக்கு 3.5 லட்சம், மரணத்துக்கு 5 லட்சம் என்று தொடங்கிப் படிப்படியாக உயர்த்த ஏற்பாடு வந்தது. நம் ரயில்வேயிலும் 1997-ல் வைத்த 4 லட்சம், 2017-ல் 8 லட்சமாகும் வரை அப்படியே கிடந்தது. ஒருமுறை வரம்பு வந்துவிட்டால் அதை உயர்த்தச் சொல்லிக் கேட்க அமைப்பாகத் திரண்ட கூட்டம் எதுவும் இருக்காது. நாளைக்கு யார் பாதிக்கப்படப்போகிறார்கள் என்பது இன்றைக்கு யாருக்கும் தெரியாதே.

வரம்பு இல்லாவிட்டால் டாக்டர்கள் பயந்துபோய் வேண்டாத ஸ்கேன்களை எழுதுவார்கள், சிக்கலான கேஸ்களைத் தொடமாட்டார்கள் என்ற வாதம் உண்டு. அமெரிக்க அனுபவம் இதற்கு ஓரளவே துணை நிற்கிறது. 2003-ல் டெக்சாஸ் மாநிலம் கடுமையான வரம்பு கொண்டுவந்த பிறகு வழக்குகளும் காப்பீட்டு பிரீமியமும் குறைந்தது உண்மை. ஆனால் டாக்டர்களின் எண்ணிக்கை அதனால் கூடியதற்கு ஆதாரம் இல்லை என்று பெர்னார்ட் பிளாக், டேவிட் ஹைமன், சார்லஸ் சில்வர் ஆகிய ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் ஊரில் டாக்டர்களை உண்மையில் நடுங்க வைப்பது கிரிமினல் வழக்கும் வன்முறையும்தான். 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் ஒரு புற்றுநோய் மருத்துவர் நோயாளியின் மகனால் கத்தியால் குத்தப்பட்டார். இழப்பீட்டு வரம்பு அப்படிப்பட்ட கத்தி எதையும் தடுக்காது. நியாயம் கிடைக்கும் வழி ஒன்று திறந்திருக்கிறது என்ற நம்பிக்கை குறையக் குறைய, ஆத்திரம் மருத்துவமனை வாசலுக்கே வரும்.

பொய் வழக்குகள் பெருகும் என்றும் சொல்கிறார்கள். பொய் வழக்கில் கிடைப்பது பூஜ்யம். பூஜ்யத்துக்கு வரம்பு தேவையில்லை. வரம்பு வேலை செய்வது உண்மையான வழக்கில், அதுவும் பெரிய சேதம் நேர்ந்த வழக்கில் மட்டுமே. பிரீமியம் ஏறினால் அது நோயாளிகளின் பில்லில்தானே வந்து விழும் என்ற கேள்வி நியாயமானது. விழும். ஆனால் ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதற்கும், ஒரே குடும்பம் நிலத்தை விற்று முழுச் சுமையையும் ஆயுள் முழுக்கச் சுமப்பதற்கும் நடுவில் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் முதலாவதே மேல். காப்பீடு என்ற ஏற்பாடு இருப்பதே அதற்காகத்தான். அரசு மருத்துவமனைகளின் தொகை மக்கள் வரிப்பணம் என்பதற்கும் இதே பதில் பொருந்தும்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம், தீர்ப்புக்குத் தீர்ப்பு தொகை மாறுகிறது என்பது. எழும்பூர் வழக்கிலேயே அதே உண்மைகளுக்கு ஒரு மன்றம் 5 லட்சமும் இன்னொன்று 1.80 கோடியும் தந்தன. இப்படி இருந்தால் காப்பீட்டு நிறுவனம் எதை வைத்துப் பிரீமியம் கணக்கிடும்? குறை உண்மைதான். ஆனால் விபத்து வழக்குகளிலும் ஒரு காலத்தில் இதே குழப்பம் இருந்தது. 2009-ல் சர்ளா வர்மா தீர்ப்பும் 2017-ல் பிரணய் சேத்தி தீர்ப்பும் வயதுக்கு ஏற்ற பெருக்கெண், எதிர்கால வருமான உயர்வு, இறுதிச் சடங்குச் செலவு என ஒவ்வொன்றுக்கும் அட்டவணை வகுத்தன. சில இனங்களுக்கு நிலையான தொகை வைத்து, அதை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் உயர்த்தவும் சொன்னது பிரணய் சேத்தி தீர்ப்பு. மொத்தத்துக்கு வரம்பு இல்லாமலே ஒழுங்கு வந்தது. மருத்துவ வழக்குகளுக்கும் அப்படி ஓர் அட்டவணை வந்தால், டாக்டர்கள் கேட்கும் நிச்சயமும் கிடைக்கும், நோயாளிக்குச் சேர வேண்டியதும் குறையாது.

வரம்பு எதற்காவது வேண்டுமென்றால் காலத்துக்கு வேண்டும். நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிந்தவரை வழக்கை முடிக்க வேண்டும் என்கிறது நுகர்வோர் சட்டம். எழும்பூர்க் குழந்தைக்கு இறுதித் தீர்ப்பு வந்தபோது அவள் பதினெட்டு வயதைக் கடந்திருந்தாள். கொல்கத்தா வழக்கில் 1999 முதல் 6 சதவீத வட்டி சேர்ந்து 5.96 கோடி 11 கோடியைத் தாண்டியது. டாக்டர்களை மிரட்டும் அந்தப் பெரிய எண்ணில் ஏறத்தாழ பாதி, தாமதத்தின் விலை. சீக்கிரம் முடித்தால் அது குறையும், யாருடைய உரிமையையும் பறிக்காமலே.

ஆகவே தமிழ்நாடு அரசும் மருத்துவச் சங்கமும் பேரம் பேச வேண்டிய இடம் வேறு. அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சிகிச்சை பெறுவோருக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தைப் போல இரண்டு கதவுகளைத் திறக்கலாம். ஒன்று, தவறை நிரூபிக்கத் தேவையில்லாமல், அட்டவணைப்படி, விலைவாசியோடு தானாக உயரும் ஒரு நிலையான தொகையைச் சில மாதங்களுக்குள் தரும் நிதி. அதை ஏற்பவர் டாக்டர் மேல் வழக்குப் போடக் கூடாது. மற்றொன்று, அலட்சியத்தை நிரூபிக்கத் துணிபவருக்கான ஆணையம். அங்கே தொகைக்கு வரம்பு இல்லை. புதுக்கோட்டைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் கதவையே தேர்ந்தெடுப்பார்கள் என்று நம்புகிறேன். விரைவும் நிச்சயமும் அவர்களுக்குப் பெரிய விஷயம். மருத்துவர்களுக்கும் வழக்குகள் குறையும். இப்படி ஒரு ஏற்பாட்டை முன்வைக்கும்போதுதான் வரம்பு பற்றிப் பேச மருத்துவச் சங்கத்துக்குத் தார்மீக உரிமை பிறக்கும். அதுவரை நீதிமன்றத்தில் ஜெயித்து வந்தவரின் கையிலிருந்து பாதியைத் திருப்பிக் கேட்பதற்கு எந்த நியாயமும் இல்லை.